மஞ்சள் பட்ட பக்கங்கள்

றஜிதாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. குவைத்தில் ஏழு வருடம் வேறு யாருடையவோ வீட்டைக் கூட்டித் துடைத்துப் பழகிய கைகால்கள், சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் சும்மா இருக்க மறுத்தன. துடைத்த மேசையைத் திரும்பத் துடைப்பாள். மடித்த சீலையை உதறி மறுபடி மடிப்பாள். முற்றத்தில் ஒரு மாவிலை விழுந்தால் அது நிலத்தில் ஆறுவதற்குள் விளக்குமாறு வந்துவிடும். "கொஞ்சம் குந்து புள்ள. பாக்கிற எனக்குக் களைக்குது" என்று அக்கா சர்மிலா திட்டாத நாள் இல்லை.

அவள் அசையாமல் குந்தியிருக்கிற நேரம் ஒன்றே ஒன்றுதான். அது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மகள் கஜானி பள்ளிக்கூடம் போனபின், கடைக்குக் கொடுக்கிற மத்தியானச் சோற்றுப் பார்சலுக்காக அடுப்பில் சோறும் கறியும் கொதிக்கும்போது, அவள் பலகையில் குந்தி மடியில் ஒரு புத்தகத்தை விரித்து வாசிப்பாள். சிறுவர் புத்தகம். மகள் நூலகத்தில் எடுத்து வந்தது. மகளுடைய துணிப்பையிலிருந்து, கேட்காமல் எடுத்தது.

கேட்டிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது.

கஜானிக்கு நாலு வயதாக இருக்கும்போது றஜிதா விமானம் ஏறினாள். கட்டினவன் அதற்கு முதலே வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான். பிள்ளையை வளர்த்தது சர்மிலா. இப்போது கஜானிக்குப் பதினொரு வயது. சர்மிலாவை "பெரியம்மா" என்று தெருக்கோடிவரை கேட்கக் கூப்பிடுவாள். பெற்றவளை ஒன்றும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். ஏதும் தேவையென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள், றஜிதா திரும்பிப் பார்க்கும் வரைக்கும். குளியலறைக்குள்ளே றஜிதா இருந்தால் கதவைத் தட்டுவாளே தவிர வாய் திறக்க மாட்டாள். ஒரே ஒரு சொல்லைச் சொல்லாமல் ஒரு வீட்டுக்குள் இத்தனை மாதம் காலம் தள்ளுவதற்கு எவ்வளவு பிடிவாதம் வேண்டும்! அது தாயிடமிருந்து வந்த பிடிவாதம்தான், வேறு எங்கிருந்து வரும்.

வந்த புதிதில் றஜிதா ஒரு நாள் சொக்லேட் வைக்கலாம் என்று அந்தத் துணிப்பையைத் திறந்தாள். பிள்ளை வாசலில் நின்று பார்த்துவிட்டாள். கத்தவில்லை, பறிக்கவில்லை. "என்ட பைக்குள்ள கை போடாதீங்க" என்று அமைதியாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கதைக்கிற மரியாதையோடு. அந்த மரியாதைதான் றஜிதாவைச் சுட்டது. ஒரு அறை விழுந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை, பார்சல் கொடுத்துவிட்டு வரும் வழியில், நூலகத்தின் யன்னலைத் தாண்டும்போது மகளின் குரல் கேட்டது. படுவான்கரையில் வாவிக்குக் கிட்டக் கட்டிய நூலகம் அது. தண்ணீர்க் காற்றில் பத்திரிகைகள் பறக்காமலிருக்க மேசையில் கல் வைத்திருப்பார்கள். சனிக்கிழமை காலையில் சிறுவர் வாசகர் வட்டம், ஞாயிறு பின்னேரம் பெரியவர்களின் வாசகர் வட்டம். சிறுவர் வட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. தான் வாசித்த கதையை ஒரு பிள்ளை எழும்பிச் சொல்லும். ஆனால் முடிவைச் சொல்லக்கூடாது. முடிவு வேண்டுமென்றால் புத்தகத்தை எடுத்து வாசி. ஒவ்வொரு புத்தகமும் ஒரு பிரதிதான் என்பதால், கதை சொல்லி முடிந்த கையோடு புத்தகத்துக்கு ஒரு சண்டையும் நடக்கும்.

யன்னலுக்கு வெளியே றஜிதா சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே கஜானி ஒரு கள்ளன் கூரையில் ஏறின கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கள்ளனுக்கு ஒரு குரல், வீட்டுக்காரிக்கு ஒரு குரல், நாய்க்கு ஒரு குரல். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். வீட்டில் "ம்" என்ற எழுத்தைத் தவிர வேறொன்றும் தனக்குக் கிடைக்காத அந்த வாயிலிருந்தா இவ்வளவும் வருகிறது! றஜிதாவுக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது. அந்தப் புத்தகங்களுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தாள். அதை வாசித்தால் பிள்ளையோடு கதைக்க ஒரு விசயமாவது கிடைக்கும் அல்லவா.

நேர்வழியிலும் போய்ப் பார்த்தாள். ஒரு ஞாயிறு நல்ல சீலை உடுத்துப் பெரியவர்களின் வட்டத்தில் போய் ஒரு மூலைக் கதிரையில் இருந்தாள். வட்டத்தின் தலைவர் அருமைநாயகம், இளைப்பாறிய தபால் அதிபர், நல்ல மனுசன், ஆனால் வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. அவர் புதுமுகத்தைக் கண்ட சந்தோசத்தில் எழும்பி, "தங்கச்சி, நீங்க இதுவரைக்கும் வாசிச்சதில உங்களப் பாதிச்ச நாவல் எது?" என்று கேட்டார். றஜிதா கடைசியாக முழுதாக வாசித்தது பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகம். அதுவும் பாதிக்கவில்லை. "அடுப்பில சோறு வச்சிட்டு வந்திட்டன் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான், பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை.

ஆகவே பைதான் வழி. பிள்ளை தொடாதே என்று சொன்ன அதே பை. கஜானி பள்ளிக்கூடம் போனதும் எடுப்பாள், வாசிப்பாள், வருவதற்குள் இருந்த மாதிரியே, முதுகு எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கமே பார்க்க வைத்துவிடுவாள். மழைக்காலத்தில் வயல் வரம்பில் நடக்கிற மாதிரி, சொல் சொல்லாகக் கால் வைத்து வாசிப்பு. உதடு அசையும். நடுவில் எழும்பிக் கறியைக் கிளறுவாள், மீனுக்கு மஞ்சள் பிரட்டுவாள், வந்து விட்ட இடத்தில் விரலை வைத்துத் தொடர்வாள். கையைச் சீலையில் துடைத்துக்கொண்டுதான் தொடுவாள். சீலையில் துடைத்தால் போய்விடும் என்று நம்பினாள், அவ்வளவுதான் அவள் செய்த பிழை.

வேறொரு கரைச்சலும் இருந்தது. கஜானி ஒரு புத்தகத்தை இரண்டே நாளில் விழுங்கிவிடுவாள். சனிக்கிழமை வந்தால் அது போய் வேறொன்று வந்துவிடும். றஜிதா எந்தப் புத்தகத்திலும் பாதியைத் தாண்டியதில்லை. கூரையில் ஏறிய கள்ளன் இன்னும் கூரையில்தான் இருக்கிறான். பல்வலியோடு வைத்தியரின் வாசலுக்கு வந்த முதலையை வைத்தியர் உள்ளே விட்டாரா என்று தெரியாது. கிணற்றில் விழுந்த இளவரசனுக்கு யார் கயிறு போட்டார்கள் என்றும் தெரியாது. முடிவில்லாத இத்தனை சனமும் அவளுடைய தலைக்குள் நின்று அவதிப்பட்டுக்கொண்டிருந்தால் அவளுக்கு எப்படி இருப்புக் கொள்ளும்? மகளிடம் கேட்கலாம் என்றால், பைக்குள் கைபோட்ட கதை வெளியே வரும். பிள்ளையோடு கதைப்பதற்காக வாசிக்கத் தொடங்கி, வாசித்ததாலேயே கதைக்க முடியாமல் போன கூத்தை யாரிடம் சொல்லி அழுவது.

புரட்டாதி கடைசியில் ஆமைப் புத்தகம் வந்தது. இரண்டு பிள்ளைகள் வயலுக்குள் வழி தவறி வந்த ஒரு கடலாமையைக் கடலில் விடுவதற்காக பஸ்ஸில் கொண்டு போகிற கதை. றஜிதாவுக்கு அது பிடித்துப்போனது. அதைவிட ஆச்சரியம், அடுத்த சனிக்கிழமை வந்தும் புத்தகம் மாறவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே புத்தகம்தான் பையில் இருந்தது. ஒரு அட்டைக்கு ஒரு புத்தகம்தான் கொடுப்பார்கள். அதனால் கஜானிக்கு வாசிக்க வேறொன்றும் இல்லை. பார்சல் சுற்ற வைத்திருந்த பழைய பத்திரிகைத் தாள்களை எடுத்து, விளம்பரம் மரண அறிவித்தல் ஒன்றும் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சோதனை போல, பிள்ளைக்கு நூலகம் போய் மாற்ற நேரமில்லை என்று றஜிதா எண்ணிக்கொண்டாள். ஒரு புத்தகத்தில் முதல்முறையாகப் பாதியைத் தாண்டிய சந்தோசத்தில் அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை கஜானி நேரத்தோடு வீட்டுக்கு வந்தாள். பை வெறுமையாகத் தொங்கியது. ஒன்றும் சொல்லாமல் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கூப்பிட்டும் எழும்பவில்லை.

செய்தி சர்மிலாவிடமிருந்து வந்தது. இந்த ஊரில் எது நடந்தாலும் சர்மிலாவின் காதுக்கு வந்த பிறகுதான் மிச்சம் நடக்கும். அவள் படலையைத் திறக்கும்போதே மூச்சு வாங்கியது.

"உன்ட மகள வட்டத்தால நிப்பாட்டிப்போட்டார் புள்ள, விநாயகமூர்த்தி சேர்!"

விநாயகமூர்த்தி சேர்தான் நூலகர். சின்ன வட்டத்தை நடத்துவதும் அவர்தான். திரும்பி வருகிற ஒவ்வொரு புத்தகத்தையும் பெருவிரலால் விசிறிப் பார்த்து, மூக்கில் வைத்து ஒருதரம் மணந்தும் பார்த்துத்தான் எடுப்பார். ஒரு பெருவெள்ளத்தில் நனைந்துபோன புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காய வைத்த மனுசன். புத்தகம் ஊத்தையானால் அவருக்குச் சொந்த உடம்பில் புண் வந்த மாதிரி.

"என்ன நடந்தது அக்கா?"

"புத்தகம் பிந்திப்போச்செண்டு சேர் கேட்டு வாங்கி, கொஞ்சம் கூடுதலாப் பாத்திரிக்கார். பக்கமெல்லாம் மஞ்சள் விரலடையாளமும் எண்ணையுமாம். மறுகா இவள் முதல் எடுத்த புத்தகங்களையும் இறக்கிப் பாத்திரிக்கார். எல்லாத்திலயும் இரிக்காம். அதுவும் பாதி வரைக்கும்தானாம், அங்கால பளிச்செண்டு கிடக்காம்." சர்மிலா குரலைத் தாழ்த்தினாள். "அப்ப இவள் பாதிதான் வாசிக்கிறாள், முடிவு சொல்லக்கூடாதெண்ட சட்டத்த வச்சு முழுக்க வாசிச்ச மாதிரி எல்லாரையும் ஏமாத்துறாள் எண்டு, அவ்வளவு புள்ளைகளுக்கும் முன்னால சொல்லிட்டாராம். நாளைய விட்டு அடுத்த ஞாயிறு ரெண்டு வட்டமும் சேந்து நடத்திற கூட்டத்தில இவள்தானே கதை சொல்ல இருந்தவள்? அதுவும் இல்லயாம். வட்டத்துப் பொடியன் யதுர்ஷன் சொல்லப் போறானாம்."

"இவள் என்ன சொன்னாளாம்?"

"வாயே துறக்கல்லயாம். ஏன் புத்தகம் பிந்தினதெண்டு கேட்டதுக்கும் பேசாம நிண்டாளாம். அதிலதான் சேருக்கு இன்னும் கோவம்."

றஜிதா தன் வலது கைப் பெருவிரலைப் பார்த்தாள். நகக்கண்ணிலும் ரேகையிலும் மஞ்சள் ஊறிக் கிடந்தது. கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

அந்தக் கிழமை முழுதும் அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சொன்னால், தான் செய்ததைத் தானே ஒப்புக்கொண்டால், பிள்ளைக்கு வட்டம் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒரே ஒரு விசயம் கேட்டாளே அந்தப் பிள்ளை, என் பைக்குள் கை போடாதீங்க என்று! மாதக்கணக்காக அதையே செய்துகொண்டிருந்தேன் என்று சொன்னால், இனி இந்த ஜென்மத்தில் அவள் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வராது. சொல்லாவிட்டால் பிள்ளைக்குக் கள்ளி என்ற பெயர் நிலைத்துவிடும். உலகத்திலேயே அவள் வாய்விட்டுச் சிரித்த ஒரே இடமும் போய்விடும். கூட்டின முற்றத்தையே கூட்டினாள். கறிக்கு உப்புப் போட மறந்தாள், மறுநாள் இரண்டுதரம் போட்டாள், கடைக்காரர் ஆள்விட்டுக் கேட்டார்.

இராச்சாப்பாட்டில் ஒரு நாள் துணிந்து தொடங்கினாள்.

"கஜானி..."

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களில் எதையோ எதிர்பார்க்கிற மாதிரி இருந்தது, அல்லது றஜிதாவுக்கு அப்படித் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?"

"ம்ஹூம்."

அவ்வளவுதான் நடந்தது. அதற்கு முந்திய நாளும் பிந்திய நாளும் நூலகம் வரைக்கும் சைக்கிளில் போனாள். ஒருதரம் படலையிலிருந்து திரும்பினாள். மற்றத்தரம் படியேறியே விட்டாள். உள்ளே விநாயகமூர்த்தி சேர் ஒரு புத்தகத்தை மூக்கில் வைத்திருந்தார். அதைக் கண்டதும் கால்கள் தாமாகவே இறங்கிவிட்டன. குவைத்தில் எத்தனையோ முகங்களின் கோபத்தைப் பார்த்தவள், ஒரு மெலிந்த நூலகருக்குப் பயந்து ஓடி வந்தாள்.

இத்தனைக்கும் நடுவில், வெட்கமாகத்தான் இருந்தது, அந்த ஆமையும் நினைவை விட்டுப் போகவில்லை. அவள் வாசித்து நிறுத்திய இடத்தில் அது நடுத்தெருவில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாரி மேகம் வாவிக்கு மேலே கறுத்துக் குவிந்திருந்தது. வயல் வட்டையில் விதைப்புக் காலம் என்பதால் கூட்டத்துக்கு ஆள் வருமோ என்று பயந்திருந்தார்கள், ஆனால் நூலகம் நிறைந்துவிட்டது. அன்றைக்கென்று ஒரு வீட்டார் நேர்த்திக்கடன் சோற்றுக்கு றஜிதாவிடம் ஓடர் கொடுத்திருந்தார்கள். அவள் மீன் இல்லாத பெரிய சமையலில் நின்றாள், உதவிக்குச் சர்மிலாவும் வந்திருந்தாள். பின்னேரம் கஜானி தலை சீவிக்கொண்டு, "பெரியம்மா, நான் போய்ப் பின்னுக்கு இருந்து கேட்டிட்டு வாறன். கேக்க வேணாமெண்டு சேர் சொல்லல்லதானே" என்று சொல்வது றஜிதாவுக்குக் கேட்டது. குரலில் அழுகை இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தன்னைக் கள்ளி என்று சொன்ன இடத்துக்கு, மற்றவன் கதை சொல்வதைக் கேட்க, அந்தப் பிள்ளை தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு போகிறாள்.

றஜிதா அடுப்பை அணைத்தாள். கழுவின கையா கழுவாத கையா என்றும் பார்க்கவில்லை. சைக்கிளை எடுத்தாள்.

உள்ளே அருமைநாயகம் பேசிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் கதிரையில், பிள்ளைகள் பாயில். பின்சுவரோடு ஒட்டி, அலுமாரிக்குப் பக்கத்தில் கஜானி குந்தியிருந்தாள். வாசிப்பு மனிதனுக்கு என்னென்ன செய்யும் என்று தபால் அதிபர் விளக்கிக்கொண்டே போனார், யதுர்ஷன் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தான். இந்த மனுசன் முடிக்கும் வரைக்கும் நின்றால் தன் துணிச்சல் ஆறிவிடும் என்று றஜிதாவுக்குத் தெரியும். வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"சேர், அந்த மஞ்சள் என்ட."

அருமைநாயகம் வாழ்க்கையில் முதல்முறையாக வசனத்தின் நடுவில் நிறுத்தினார். எல்லாத் தலைகளும் திரும்பின.

"என்ன மஞ்சள், தங்கச்சி?"

"புத்தகத்தில இரிக்கிற மஞ்சள். நான்தான் வாசிச்சனான். சமைக்கக்குள்ள வாசிச்சனான். அவள் ஊத்தையாக்கல்ல. அவள் முழுக்க வாசிக்கிறவள், ரெண்டு நாளில முடிக்கிறவள். நான்தான் மெல்ல வாசிக்கிறனான். பாதியில நிக்கிறது நான், சேர்."

விநாயகமூர்த்தி சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம்புகிற முகம் இல்லை அது.

"புள்ளைக்காகத் தாய் பழி ஏக்கிறத நான் நிறையக் கண்டிருக்கன்" என்றார். "போன வருசம் ஒருவன் புத்தகத்தக் கிழிச்சதுக்கு அவன்ட தாய் வந்து ஆடு கிழிச்சதெண்டு சொன்னா. நீங்க வாசிச்சதெண்டா சொல்லுங்க பாப்பம். ஆமைய பஸ்ஸில எப்பிடி ஏத்தினாங்க?"

"அரிசிச் சாக்குக்குள்ள வச்சு" என்றாள் றஜிதா. "கொண்டக்டர் என்னெண்டு கேட்டதுக்குப் பலாப்பழம் எண்டு சொன்னதுகள். சரியெண்டு அவரும் விட்டுட்டார். மறுகா பஸ் ஒரு பள்ளத்தில விழுந்து எழும்பின உடனே, பலாப்பழம் நடக்கத் தொடங்கிட்டுது."

பாயில் ஒரு பிள்ளை பொத்துக்கொண்டு சிரித்தது. றஜிதாவுக்கு அது கேட்கவில்லை. அவளுக்கு இப்போது முன்னால் நூலகம் இல்லை, பஸ்தான் இருந்தது.

"சீட்டுக்குக் கீழால அது நடக்குது. ஒரு ஐயாட சாரத்துக்குள்ள பூந்திட்டுது. அவர் பேய் எண்டு கத்துறார். பின் சீட்டில இருந்த மனிசி அவருக்கு விபூதி பூசுறா, பூசுறதெண்டால் சும்மா இல்ல, கண்ணுக்குள்ளயும் போட்டுட்டா. டிரைவர் பிரேக்கடிக்கிறார். கோழிக்கூடு ஒண்டு விழுந்து உடையுது..."

கஜானிக்குக் குரல் எங்கிருந்து வந்தது என்று ஊருக்கு அன்றைக்குத் தெரிந்தது. ஐயாவுக்கு ஒரு குரல், மனிசிக்கு ஒரு குரல், டிரைவருக்கு ஒரு குரல். பெரியவர்கள் கதிரையில் குலுங்கினார்கள். அருமைநாயகம் கண்ணைத் துடைத்தார்.

"கடைசியில கொண்டக்டர் ரெண்டு புள்ளையளையும் ஆமையோட ஒரு சந்தியில இறக்கி விட்டுட்டார். வெயில். கடல் எந்தப் பக்கமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஆமை கண்ண மூடிட்டுது." றஜிதா நிறுத்தினாள்.

"மறுகா?" என்றது பாய்.

"தெரியாது புள்ளையள். அவ்வளவும்தான் வாசிச்சனான். அது கடலுக்குப் போச்சுதா செத்துப் போச்சுதா எண்டு தெரியாமத்தான் ஒரு கிழமையா உப்புப் போடவும் மறந்து திரியிறன்."

சிரிப்பு மறுபடி எழும்பி அடங்கியது. அவள் சிரிக்கவில்லை. பின்சுவரைப் பார்த்தாள். கஜானி முழங்காலைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"கஜானி" என்றாள். "பைக்குள்ள கை போடாதீங்க எண்டு நீ எனக்குச் சொன்ன. நான் போட்டன். ஒவ்வொரு நாளும் போட்டன். உன்னோட கதைக்க எனக்கு ஒண்டுமே தெரியல்ல புள்ள, அதுதான். என்னில கோவிச்சுக்கொள். வட்டத்த விட்டிராத."

வாவிக்காற்று ஒருதரம் உள்ளே வந்து பத்திரிகைகளை அலைத்துவிட்டுப் போனது.

விநாயகமூர்த்தி சேர் மேசையிலிருந்த ஆமைப் புத்தகத்தை எடுத்தார். விரித்துப் பார்த்தார், மணந்தும் பார்த்தார், பழக்கம் விடுமா. பிறகு பின்சுவர்ப் பக்கம் திரும்பினார். அவருக்கு இன்னும் ஒன்று சரிவரவில்லை.

"சரி, மஞ்சள் உன்ட இல்ல. நான் அவசரப்பட்டிட்டன். புள்ளையளுக்கு முன்னால சொன்னது பிழை, அதையும் அவையளுக்கு முன்னாலயே சொல்லுறன். ஆனா கஜானி, நீ ரெண்டு நாளில முடிக்கிற ஆள். இந்த ஒரு புத்தகத்த மட்டும் மூணு கிழமையா ஏன் வச்சிருந்த? எத்தனதரம் கேட்டன், பதிலே சொல்லல்லயே."

கஜானி எழும்பினாள். பாவாடையைத் தட்டிவிட்டாள். அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்கும் சொல்ல மாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"அம்மா வாசிச்சு முடியல்ல, சேர்" என்றாள்.

றஜிதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பத்திரிகைத் தாளில் மரண அறிவித்தல் வாசித்துக்கொண்டு குந்தியிருந்த பிள்ளை இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தாள். பை எத்தனை நாளாகக் கறி மணத்திருக்கும்! மஞ்சள் எந்தப் பக்கத்தில் முடிகிறது என்று ஒவ்வொரு நாளும் பார்த்து, நாளைக்கு இன்னும் கொஞ்சம் நகரும் என்று காத்திருந்திருக்கிறாள். சொல்லியிருந்தால் தப்பியிருப்பாள், சொல்லவில்லை. இவ்வளவையும் செய்தவளை, தன்னைக் கூப்பிடத் தெரியாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தாளே.

"அப்ப, மிச்சக் கதைய நீயே வந்து சொல்லு" என்று சேர் சொன்னார். "ஆமைக்கு என்ன நடந்ததெண்டு எங்களுக்கும் தெரியவேணும்."

கஜானி தலையாட்டி மறுத்தாள். "முடிவு சொல்லக்கூடாது சேர். அது வட்டத்துச் சட்டம்."

பாய்களின் நடுவே நடந்து மேசைக்கு வந்தாள். சேரின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, மஞ்சள் முடிகிற பக்கத்தைத் தேடி விரித்து, பெரியவர்களின் வரிசையில் காலியாக இருந்த ஒரு கதிரையில் வைத்தாள். தாயை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"கையக் கழுவிட்டு வாங்க."

வெளியே குழாயடியில் றஜிதா கையைத் தேய்த்தாள். சவர்க்காரம் இல்லை. மண்ணை அள்ளித் தேய்த்தாள், சீலைத் தலைப்பால் தேய்த்தாள். கண்ணில் நீர் முட்டி ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. நகக்கண்ணிலிருந்த மஞ்சள் போவதாக இல்லை. இப்படியே போனால் திரும்ப ஊத்தையாகும், சேர் திரும்பக் கோபிப்பார் என்று மறுபடி மறுபடி தேய்த்தாள். முதல் மழைத்துளிகள் தகரத்தில் விழுந்தன.

"அம்மா!" என்று உள்ளிருந்து ஒரு சத்தம், தெருக்கோடிவரை கேட்கும்படி. "அம்மா, அது போகாது, வாங்க!"

தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டது தன்னைத்தான் என்று விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதுவரைக்கும் அவள் அசையவேயில்லை.